கப்பலைத் தொலைத்த கேப்டன் மீது பிராது

லாரி கிளம்பவில்லை. இன்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை. முன்சக்கரத்துக்கு நேரே சின்னதம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் பாஞ்சாலை புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஊரில் பாதி.

"இன்னாப்பா இது? வழிய வுடு. இருட்டறதுக்குள்ள மலை எறங்கணும்," என்றான் ராஜாக்கண்ணு.

"எறங்கலாம் சார். கப்பல் எங்க?" என்றான் சின்னதம்பி.

"எந்தக் கப்பல்?"

"கேப்டன் தொலச்சாரே, அந்தக் கப்பல்."

ராஜாக்கண்ணு லாரியைத் திரும்பிப் பார்த்தான். காவலூர் வானாய்வு நிலையத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவனுக்கு இப்போதுதான் மாற்றல் கிடைத்திருந்தது. நாளைக் காலை வேலூரில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தவறினால் அந்த நாற்காலிக்கு இன்னொருவர் துண்டு போட்டு வைத்திருந்தார். பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாம் லாரியில் ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டது. மனைவி செந்தாமரை ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இந்த நேரம் பார்த்தா கப்பல்?

கப்பல் அவன் கற்பனையில் பிறந்தது. பகலெல்லாம் பல்பும் திருகாணியும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலங்களில் அவன் ரேடியோவுக்கு நாடகம் எழுதினான். கேப்டன் சக்கரவர்த்தி என்பவர் விண்வெளிக் கப்பலில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகிற கதை. வாராவாரம் வந்தது. கேப்டனுக்குக் குரல் கொடுத்தவனும் அவன்தான். பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இந்த ஊர்க்காரர்களின் பெயர்களையே வைத்துவிட்டான். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து மூச்சுவிடாமல் கேட்டது.

திடீரென்று ஒருநாள், ரேடியோ நிலையத்தில் அந்த நேரத்தைப் பயிர்ப்பூச்சி ஒழிப்புக்கு ஒதுக்கிவிட்டார்கள். கதையைச் சட்டென்று முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவனும் முடித்தான். கப்பல் இருட்டில் காணாமல் போனது. கேப்டன் மட்டும் ஒரு சின்னப் படகில் பூமிக்குத் திரும்பினார். அவருக்கு மாலை போட்டார்கள். சுபம்.

"ஹாரன் அடிப்பா சுப்பிரமணி," என்று டிரைவரிடம் கத்தினான்.

செங்கத்துக்காரனான சுப்பிரமணி ஹாரனைத் தொடவில்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். இன்ஜினை அணைத்தான். இறங்கி வந்து, லாரி நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

நாட்டாமை மாதையன் நிதானமாக வந்து புளியமரத்து வேரில் உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஊர் வழக்கம் ஒண்ணு கீது. நாலு பேரோட மாட்ட ஓட்டிக்கினு போயி வெறுங்கையோட வந்தா, எங்க தொலச்சன்னு சபையில சொல்லணும். தேடிப் புடிச்சாந்து வுடணும். இவன் போன மாசம் தேடலியா?"

"முள்ளு கிழிச்சது இன்னும் ஆறல," என்று சின்னதம்பி காலைத் தூக்கிக் காட்டினான்.

ராஜாக்கண்ணு சிரித்தான். இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம் என்று நினைத்தான்.

"நாட்டாமை, அது வெறும் கதைங்க. கப்பலே கெடையாது."

"கப்பலே கெடையாதுன்னா, அந்தாளுக்கு மாலை எதுக்குப் போட்டாங்க?" என்றாள் பாஞ்சாலை, புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டம் தலையாட்டியது. ராஜாக்கண்ணு வேறு வழி பிடித்தான்.

"சரி, கேப்டன்தானே தொலைச்சாரு? அவரைக் கேளுங்க. நான் யாரு?"

"'இந்தக் கப்பலில் இருக்கும் ஒவ்வோர் உயிருக்கும் நானே பொறுப்பு!'ன்னு ரேடியோவுல பேசின கொரலு யாருது?" சின்னதம்பி அதே கம்பீரத்தோடு பேசிக் காட்டினான். "கொரலு உங்களுது. அப்ப கேப்டனும் நீங்கதான்."

லாரிக்குள்ளிருந்து செந்தாமரை தலையை நீட்டினாள். "அன்னிக்கே சொன்னேன், வேற ஆளைப் பேசச் சொல்லுங்கன்னு. கேட்டீங்களா?"

மறுப்பதில் பயனில்லை. கதையை வைத்தே தப்பித்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

"வால்நட்சத்திரம் மோதிடுச்சிங்க. கேப்டன் இன்னா பண்ணுவாரு? கப்பல்ல இருந்தவங்க எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க, பாவம்."

கூட்டத்தின் நடுவிலிருந்து கன்னியம்மாள் எழுந்தாள். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவள். செந்தாமரை காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊற்றியவள். கதையில் அவள்தான் கப்பல் டாக்டர்.

"ஏம்பா, என்னைச் சாவடிச்சிட்டியா?"

ராஜாக்கண்ணு இரண்டு கையையும் ஆட்டி மறுத்தான். "ஐயோ, இல்லம்மா! நீங்க நல்லாத்தான் கீறீங்க. தூங்கிக்கினு இருந்தீங்க. எல்லாருமே தூங்கிக்கினு இருந்தாங்க."

"தூங்கறவங்கள எழுப்பாம நீ மட்டும் படகேறி வந்துட்டியா?"

"ஏங்க, நெசமாவே எழுப்பலையா?" என்றாள் செந்தாமரை. இப்போது அவள் லாரியிலிருந்தே இறங்கிவிட்டாள்.

"உதவி கூட்டியாரத்தான் வந்தாரு கேப்டன்!" என்று கத்தினான் ராஜாக்கண்ணு.

"மாலைய வாங்கிப் போட்டுக்கினு, சாப்ட்டுட்டுத் தூங்கப் போனாரே," என்றாள் பாஞ்சாலை. "உதவி எங்க?"

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வேலூர் நாற்காலி கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. அதைவிட இன்னொன்று உறுத்தியது. கப்பல் எங்கே போனது என்று அவன் ஒருதடவைகூட யோசித்துப் பார்த்ததில்லை. ஒரே வரியில் இருட்டில் தள்ளிவிட்டு, பேனாவை மூடிவிட்டான். அந்த இருட்டுக்குள் கன்னியம்மாள் கண் விழித்து, யாரையும் காணாமல் என்ன செய்திருப்பாள்? நினைக்கவே வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே எங்கேதான் போயிருக்கும்?

"கடைசியா எங்க பாத்தீங்க?" என்று மாதையன் மெல்லக் கேட்டார்.

"சிவப்பா ஒரு கிரகம். அதுக்குப் பின்னாடி..." ராஜாக்கண்ணு புளியமரத்தடியில் உட்கார்ந்தான். "கேப்டனுக்குத் தூக்கம் வரல. மாலையக் கழட்டி எறிஞ்சிட்டு, படகத் திருப்பினாரு."

"அப்படிச் சொல்லுங்க!" என்றான் சின்னதம்பி. சக்கரத்தை விட்டு நகர்ந்து மரத்தடிக்கு வந்தான்.

"அங்க ராவா, பகலா?" என்றாள் பாஞ்சாலை. புளியை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள்.

"அங்க எப்பவுமே ராத்திரிதான். தேடித் தேடிப் பாத்தாரு. ஒண்ணுமில்ல. கூப்புட்டா சத்தமும் போவாது, காத்து இல்லியே. அப்பத்தான் அவருக்குப் பொறி தட்டிச்சி. கப்பல் எங்கயும் போவல! அந்தக் கிரகத்தோட நெழலுக்குள்ளயே நின்னுக்கினு கீது. வெளிச்சம் படல, அதான் கண்ணுக்குத் தெரியல. விளக்க அணைச்சிட்டுப் பொறுமையா உக்காந்தாரு. கிரகம் நகர, நெழலும் நகர, ஓரத்துல ஊசி மாதிரி ஒரு மினுக்கு..."

"கப்பலு!" என்று கூட்டமே கத்தியது.

"கப்பல்தான். கேப்டன் கதவத் தட்டினாரு. உள்ளேர்ந்து யாருன்னு டாக்டர் கேட்டாங்க. 'நான்தான் கேப்டன், கதவத் தொறங்க'ன்னாரு."

எல்லோரும் கன்னியம்மாளைப் பார்த்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"தொறக்க மாட்டேன்."

ராஜாக்கண்ணு திகைத்தான். கதை இப்போது அவன் கையில் இல்லை.

"ஏன் தொறக்கணும்? மறுபடி வுட்டுட்டுப் போவறதுக்கா?"

"தப்புதாம்மா," என்றான். கேப்டனுக்காகச் சொன்னானா, தனக்காகச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. "எழுப்பியிருக்கணும். அவசரத்துல வுட்டுட்டேன்."

"தொற கன்னியம்மா," என்றார் மாதையன்.

"தொறங்கம்மா, நான் ஜாமீன்," என்றாள் செந்தாமரை.

கன்னியம்மாள் நன்றாக யோசித்தாள். பிறகு காற்றில் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை உள்பக்கமாக இழுத்தாள்.

"வா. காலக் கழுவிட்டு உள்ள வா."

ஒரே ஆரவாரம். கப்பல் வீடு திரும்பும்வரை மீதிக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். மாதையன் பிராது முடிந்தது என்று அறிவித்தார். பாஞ்சாலை ஒரு கூடை புளியைத் தூக்கிச் செந்தாமரையின் மடியில் வைத்தாள். சுப்பிரமணி தட்டி எழுப்பாமலே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

லாரி முதல் வளைவைத் தாண்டியதும் ராஜாக்கண்ணு பெருமூச்சு விட்டான். இருட்டிவிட்டாலும் விடிவதற்குள் வேலூர் போய்விடலாம். மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் பெருமையும் வந்தது.

"வெள்ளந்தி ஜனங்க," என்றான் இரக்கத்தோடு. "கதைய நெசம்னே நம்பிட்டாங்க, பாவம்."

சுப்பிரமணி கியரை மாற்றினான்.

"நம்பறதாவது சார்! மழைய சாக்கு வெச்சி பாதியில மூட்ட கட்டின எங்க செங்கத்துக் கூத்து ஜமா ஆளுங்கள, போன வருசம் இதே ஊர்க்காரங்க இதே லாரிய மறிச்சி எறக்கி, சூதாட்டத்துல நாட்டத் தொலச்ச ராசா மேல பிராதுன்னு உக்கார வெச்சி, மிச்சக் கூத்த ஆடி முடிச்சப்புறம்தானே மலைய வுட்டே எறங்க வுட்டாங்க!"