பிள்ளையாரிடம் ஒப்படைத்த பிள்ளை

எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லித் திரிகிற ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள், பாருங்கள், என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பதுபோல. கையை நம்பாதீர்கள். ஒப்படைத்ததன் ஒரு நுனி சேலைத் தலைப்பில் இறுக்கி முடிந்திருக்கும்.

கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சி ஜெகதீஸ்வரி இந்த இனத்தில் முதல் தரம்.

அவருடைய ஒரே மகள் யதுர்ஷிகாவுக்கு மாத்தறையில் பல்கலைக்கழகம் கிடைத்தது. கிளிநொச்சிக்கும் மாத்தறைக்கும் இடையில் முழு நாடும் கிடக்கிறது. தகப்பன் பரமலிங்கம் சந்தோசத்தில் வயற்காரர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ஜெகதீஸ்வரி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஊரில் கடல் படிக்கிற இடத்துக்கு எவ்வளவு கிட்ட என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு வயதில், இடம்பெயர்ந்த சனம் நெருக்கியடித்து நடந்த ஒரு நாளில், கையை விட்டுக் கால் மணித்தியாலம் காணாமல் போய்க் கிடைத்த பிள்ளை அது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. ஆனால் அன்றிலிருந்து மகள் கிணற்றடிக்குப் போனாலும் தாயின் கண் கூடவே போய் வரும்.

பயண நாள் காலையில் பரமலிங்கம் மகளையும் அவளோடு படிக்கப்போகும் சுதாஜினியையும் ரயில் ஏற்றிவிட்டு அப்படியே வயலுக்குப் போனார். ஜெகதீஸ்வரி நிலையத்துக்குப் போகவில்லை. நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனார்.

"பிள்ளையாரப்பா, என்ர பிள்ளையை உன்னட்டத் தந்திட்டன். இனி அவள் உன்ர பொறுப்பு. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றார்.

பிறகு அரை மணித்தியாலம் கதைத்தார். பிள்ளையை ஜன்னல் கரையில் இருத்தாதே, காற்றுப்பட்டால் தடிமன் வரும். உள்பக்கமும் இருத்தாதே, போறவாற ஆக்கள் இடிப்பினம். பக்கத்தில் ஒரு நல்ல மனிசி இருக்கட்டும், ஆனால் நெடுகக் கதைக்கிற மனிசி வேண்டாம். கொழும்பில் ரயில் மாறும்போது பையை நீ பார், பிள்ளையையும் நீயே பார், இரண்டையும் ஒரே நேரத்தில் பார். வழியில் விற்கிற வடையை வாங்க விடாதே, வாங்கினால் சூடாக இருக்கட்டும். யானை முகத்தவருக்குக் காது பெரிது என்றாலும் இவ்வளவையும் போட்டு வைக்க இடம் வேண்டாமா?

பூசையை முடித்த ஐயர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா, பிள்ளையை ஒப்படைச்சிட்டியளோ?"

"ஓம் ஐயா, முழுசா ஒப்படைச்சிட்டன்."

"அப்ப ஏன் நிக்கிறியள்?"

"ஒரு சின்ன விசயம் சொல்ல மறந்துபோனன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். ரயில் மாங்குளத்தைத் தாண்டவில்லை. வவுனியாவில் எடுத்தார். மதவாச்சியில் எடுத்தார். அனுராதபுரத்தில் எடுத்தபோது, "அம்மா, நான் அப்படியே தான் இருக்கிறன், மாறேல்லை" என்றாள் மகள். அதற்குப் பிறகு பதில் இல்லை.

ஒரு தரம் எடுத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்துத் தரம் எடுத்தார். சுதாஜினிக்கு எடுத்தார், அவளும் எடுக்கவில்லை. பரமலிங்கத்துக்கு எடுத்தார். அவர் சேற்றுக்குள் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை போன் எடுக்கிறாளில்லை."

"பிள்ளையாரிட்டக் குடுத்தனீர்தானே. அவரைக் கேளும்."

"அவருக்கு ஆயிரம் வேலை."

இந்த இடத்தில்தான் இந்த இனத்தின் முழுக் குணமும் வெளியே வரும். ஜெகதீஸ்வரி அம்மன் கோயிலுக்கு ஓடி, பிள்ளையார் ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொள்ளும்படி அம்மனிடம் சொன்னார். தாய் சொன்னால் மகன் கேட்பார் என்பது அவருடைய கணக்கு. வரும் வழியில் பக்கத்து வளவுக் கத்தோலிக்கத் தயாளினியைக் கண்டு, அந்தோனியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவாராமே, ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடு பிள்ளை என்றார். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு பிள்ளைக்கு மூன்று காவல்.

அப்படியும் பதில் வரவில்லை. நடுமத்தியான வெயிலில் அவர் மறுபடி பிள்ளையார் கோயிலுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கால் மணித்தியாலம் நெஞ்சுக்குள் வந்து நின்றது.

"உனக்கு ஏலாதெண்டால் காலமையே சொல்லியிருக்கலாம். தா என்ர பிள்ளையை. நானே பாக்கிறன்."

பிள்ளையைத் திருப்பி எடுத்தாயிற்று. எடுத்து என்ன செய்வது என்று அவர் யோசிப்பதற்குள் கையில் இருந்த தொலைபேசி அடித்தது.

"அம்மா, முப்பத்தேழு தரம் எடுத்திருக்கிறியள். என்ன நடந்தது?"

"நீ எங்கையடி போனனீ?"

"நித்திரை கொண்டிட்டன் அம்மா. சுதாஜினியும்தான்."

"ரண்டு பேரும் நித்திரையெண்டால் உங்களை ஆர் பாத்தது?"

ரயில் சத்தத்துக்கு மேலாக யதுர்ஷிகா சொன்னாள்: "பிள்ளையாரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் படுத்தனான்."

"என்னெண்டு சொன்னனீ?"

"அம்மா பயப்பிடுவா, அவவைப் பாத்துக்கொள்ளு எண்டு."

ஜெகதீஸ்வரி கம்பியைப் பிடித்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"எத்தினை தரம் சொன்னனீ?"

"ஒருக்கால்."

"ஒருக்கால் மட்டுமோ?"

"அவருக்குக் காது கேக்கும்தானே அம்மா."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் பூட்டிய கதவைப் பார்த்தார். சற்றுமுன் கதைத்த கதைக்கு வெட்கமாக இருந்தது. "சரி, நீயே வைச்சிரு" என்று மெதுவாகச் சொன்னார். சொல்ல இருந்த இரண்டு மூன்று விசயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார்.

வீட்டுக்கு வந்து, விடிந்ததிலிருந்து முதல் தரமாகச் சோறு சாப்பிட்டார். பாயில் சரிந்தார். நல்ல நித்திரை. அரை மணித்தியாலம் கழித்துத் திடுக்கிட்டு எழும்பி, முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த பரமலிங்கத்திடம் ஓடினார்.

"இஞ்சாருங்கோ, அரை மணித்தியாலமா நான் பிள்ளையை நினைச்சுக் கவலைப்படேல்லை. ஏதும் நடந்திருக்குமோ?"

பரமலிங்கம் மற்றக் காலைக் கழுவினார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் மாமியும் இப்படியேதான், இதை அவவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நல்லது, காட்டுங்கள். உங்கள் பிள்ளைகள் இந்த நேரம் எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமலே நீங்கள் ஏன் மணிக்கூட்டைப் பார்க்கிறீர்கள்?