கூசாத கண்ணாடி

கிடங்குக்காரர் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். அவர் வேலை பார்க்கிற கிடங்கில் ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் மூட்டையைத் தேடணும். ஆனால் கடைக்காரன் "போலரைஸ்டு" என்றதும் மனுஷர் விழுந்துவிட்டார்.

சாதாரணக் கூலிங் கிளாஸ் வெறுமனே இருட்டாக்கும், இதுவோ ரோட்டிலும் தண்ணியிலும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைத் தேடிப் பிடித்து வடிகட்டும் என்று வீட்டில் பாடம் நடத்தினார். இனிமேல் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாதாம்.

நிஜமாய்த் தேவைப்பட்டது மனைவிக்கு. காலையில் மகளை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது வெயில் நேரே மூஞ்சியில் அடிக்கும். மழை பெய்த மறுநாள் ரோடே பளபளக்கும். எதிரே லாரி வருகிறதா என்றுகூடத் தெரியாது. காலையில் மட்டும் தாங்க என்று கேட்டுப் பார்த்தாள்.

"அதெப்படி? இது என் கண்ணுக்குப் பழகின கண்ணாடி. வேற ஆள் போட்டா பார்வை போயிடும்."

அவள் சண்டை போடாமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதுதான் அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

கண்ணாடியில் ஒரு வில்லங்கம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு செல்போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் திரை கறுத்துவிடும். நிமிர்த்தினால் தெரியும். அவ்வளவு பெருமை அடித்த வாயால் இதை எப்படிச் சொல்வது? மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் பார்க்கட்டும் என்று கண்ணாடியோடு வாசலில் நின்றார். மனைவி வந்து போனைப் படுக்கைவாக்கில் நீட்டினாள்.

"போட்டோ பாருங்க. எனக்குப் பொருத்தமா இருக்கா?"

ஒரே கறுப்பு. கண்ணாடியைக் கழற்றினால் மானம் போகும். கழுத்தைச் சாய்த்தால் சிரிப்பாள். புதுத் துணியாகத்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டார்.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியாம என்ன? தினமும் போட்டுக்கோ."

அவள் போனை நிமிர்த்தினாள். படத்தில் ஸ்கூட்டர்மேல் அவள். அவள் மூக்கின்மேல் அவர் கண்ணாடி. நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் மகள் எடுத்தது. போட்டுப் பார்த்தவளுக்கு அந்த வில்லங்கமும் தெரிந்துபோயிருந்தது. பார்வை மட்டும் போகவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி இடம் மாறிவிட்டது. வெயில் பளீரென்று அவர் முகத்தில் விழுந்தது.

"கண்ணு கூசுதுடி."

"கூசட்டுங்க. பொய் சொல்லும்போதுதான் கூசலையே."