நாங்கள் தரையில்தான் இருக்கிறோம், மாமி

கிள்ளான், மலேசியா

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊரே தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். உங்கள் பேரன் அய்மன் இப்போதுதான் தூங்கினான். உங்கள் மகனோடு வேலை செய்யும் உமர் அண்ணன் விடியற்காலை திருச்சிக்கு விமானம் ஏறுகிறார். நேராக நாகூர் வந்து இதை உங்கள் கையில் கொடுப்பார். நீங்களும் மாமாவும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். தரையில் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிரிக்பீல்ட்ஸ் ஃப்ளாட்டைக் காலி செய்ததும் உங்கள் மகன் போன் போட்டு, "உம்மா, நாங்க டெரஸ்ஸுக்கு வந்துட்டோம், காத்து பிச்சுக்கிட்டு வருது" என்றாரே, அங்கே ஆரம்பித்தது. நீங்கள் "மழை பெஞ்சா?" என்று கேட்டீர்கள். அவர் கார் நிறுத்தும் இடத்தை நினைத்துக்கொண்டு "ஷீட் போட்டாச்சு" என்றார். "சுவராச்சும் இருக்கா வாப்பா?" என்றீர்கள். "பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் சேத்து ஒரே சுவருதான்" என்றார். நீங்கள் அழ ஆரம்பித்ததும் நான் போனைப் பிடுங்கி, "டெரஸ்னா லிங்க் வீடு மாமி" என்றேன். "அப்ப லிங்க் அனுப்பு, பாக்குறேன்" என்றீர்கள். சரி, கண்ணால் பார்த்தால் நம்புவீர்கள் என்று வீடியோவில் காட்டினேன். அந்த நேரம் பார்த்து அய்மன் வாசலில் காயப்போட்ட துணிக்கு நடுவே தலைக்கு மேல் வானம் தெரிய ஓடிக்கொண்டிருந்தான். "புடி, புடி, விழுந்துடப் போறான்!" என்று நீங்கள் அலறியது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு, லோகேஸ்வரி அக்கா ஓடி வந்து போனுக்குள் தலையை விட்டு, "பயப்படாதீங்க லா ஆன்டி, நான் மூணு பசங்களையும் டெரஸ்லயேதான் வளத்தேன், ஒருத்தன்கூட விழல!" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார் மாமி.

அதற்குப் பிறகு நீங்கள் போனை எடுக்கவில்லை. பேரன் கீழே இறங்கும்வரை நோன்பு வைப்பதாக நேர்ந்துகொண்டீர்கள் என்று மாமா சொன்னதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. சர்க்கரையை வைத்துக்கொண்டு இது என்ன நேர்ச்சை? மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? காலேஜில் ஆங்கிலம் படித்தவள் நான். ஒரு வார்த்தையை மாமியாருக்குப் புரியவைக்க முடியவில்லை.

டெரஸ் என்றால் உங்களுக்கு மொட்டை மாடி. இங்கே அது வரிசை வீடு. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக, தெரு நெடுக ஒட்டி ஒட்டி நிற்கும். உங்கள் தெருவும் அப்படித்தானே? பாத்து மாமி வீட்டில் மீன் பொரித்தால் உங்கள் கூடத்தில் மணக்கிறதே! அப்படிப் பார்த்தால் மாமி, நிக்காஹ் ஆகி வந்த நாளிலிருந்து நீங்களும் டெரஸில்தான் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தலைக்கு மேல் வெறும் ஓடுதான். ஏற நினைத்தாலும் மொட்டை மாடி கிடையாது. அய்மன் இதைவிடக் கீழே இறங்க வேண்டுமென்றால் குழிதான் தோண்ட வேண்டும். அதனால் நோன்பை விட்டுவிட்டு, சாப்பிட்டு, மாத்திரையைப் போடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். மாமாவுக்கு என் ஸலாம். அய்மனின் முத்தங்கள்.

உங்கள் மருமகள்,
ஹுமைரா

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் மகன் எழுந்து வந்து, "உம்மாவ நான் அப்பவே சமாதானப்படுத்திட்டேனே" என்கிறார். மாமா போனுக்குக் குரல் செய்தி அனுப்பினாராம்: "டெரஸ் புடிக்கலன்னா கவலப்படாதீங்க உம்மா, அடுத்த வருஷம் நானும் ஹுமைராவும் செமி-டிடாச்ட்." செமி-டி என்றால் உங்களுக்குப் புரியாது என்று முழுசாகச் சொன்னாராம், போதாததற்கு "அப்படின்னா பாதி பிரிஞ்சது" என்று தமிழிலும் சொன்னாராம். மாமி, அதுவும் வீடுதான். ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. பிரிந்து நிற்பது வீடு, நாங்கள் இல்லை. இதற்கும் சேர்த்து ஒரு நோன்பு நேர்ந்துகொள்ளாதீர்கள். சாப்பிட்டீர்களா என்று உடனே பதில் போடுங்கள்.