கத்தரிக்காய்க்குப் போட்ட ஊசி

அம்சா கத்தரிக்காய்க்கு ஊசி போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, தண்ணீர் ஏற்றி, சதக்கென்று ஒரு குத்து. எதிரே உட்கார்ந்திருந்த புருஷன் விருத்தாசலத்துக்குத் தொடை கூசியது.

"கை ஆடுதே அம்சா!"

"கத்தரிக்கா ஆடல. நீங்கதான் ஆடுறீங்க."

அவருக்குச் சர்க்கரை. மறுபடியும் நீல மருந்தில் மூத்திரம் விட்டுக் காய்ச்சிப் பார்க்கும்போது செங்கல் நிறம் வந்தால் தினமும் ஊசிதான் என்று விழுப்புரம் டாக்டர் சொல்லிவிட்டார். திண்டிவனத்திலிருந்து தினமும் யார் அலைவது? "நானே வீட்ல போட்டுடறேன்" என்று அம்சா ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். ஆபீசில் எல்லோரையும் அதட்டுகிற மனுஷருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

"இதுக்கே நடுங்குனா எப்படி? இந்தாங்க, நாவப்பழக் கொட்டைக் கஷாயம். சோத்தைச் சக்கரையா மாத்துற சாமான் ஒண்ணு வயித்துல இருக்குதாம். கொட்டைச்சாறு அதும் கையைக் கட்டிப்போட்டுடுமாம். உடம்பு துரு ஏறாமயும் காக்குமாம். காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்கன்னு எங்க சின்னதுரை சொல்லிச்சி."

"உன் தம்பி சொன்னா சரிதான்" என்று வாங்கிக்கொள்வார். அவள் தலை மறைந்ததும் கஷாயம் செம்பருத்திச் செடிக்குப் போகும். கை பரணுக்குப் போகும். அங்கே பழைய பானைக்குப் பின்னால் அம்சா ஒளித்து வைத்திருந்த டப்பாவில் கேப்பை உருண்டை! லேசாகத் துவர்த்தது. அவள் வறுத்த லட்சணம் என்று திட்டிக்கொண்டே இன்னொன்றையும் விழுங்குவார்.

சோதனை நாள் வந்தது. தின்ற உருண்டைகளெல்லாம் விழுப்புரம் பஸ்ஸில் அவரோடு சேர்ந்து குலுங்கின. திருவக்கரை அம்மனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். அம்மன் சிரித்திருப்பாள், அவர் தலையில் இருந்ததே பத்துப் பதினைந்து முடி.

கம்பவுண்டர் தேவநாதன் குழாயை விளக்கில் காட்டினார். விருத்தாசலம் குழாயையே பார்த்தார். இப்போது பச்சையாகும். அப்புறம் மஞ்சள். அப்புறம்...

"நீலம் அப்படியே நிக்குது சார். சக்கரை இல்ல."

வெளியே வந்ததும், கூட வந்திருந்த அம்சா சொன்னாள்: "பாத்தீங்களா, நாவக்கொட்டை வேலையைக் காட்டிடுச்சி!"

உயிர் திரும்பி வந்த தைரியத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை. "மண்ணாங்கட்டி! ஒரு சொட்டு குடிச்சிருப்பனா? எல்லாம் செம்பருத்திக்குத்தான். நீ ஒளிச்சி வெச்ச உருண்டையைத்தான் தினம் தின்னேன்!"

"தெரியும். நீங்க ஊத்துனது வெறும் காப்பி மண்டி. நாவக்கொட்டை உருண்டையிலதான் இருந்துச்சி. கேப்பை பேருக்கு, இனிப்புக்குச் சக்கரை இல்லாத சாக்ரினு. கையில குடுத்தா தின்னுவீங்களா? அதான் ஒளிச்சி வெச்சேன்."

அன்று முதல் டப்பா அடுப்படியில், கைக்கெட்டுகிற இடத்திலேயே இருந்தது. என்ன செய்தும் உருண்டை அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாலு நாள் பார்த்தாள் அம்சா.

"என்னாங்க, வரும்போது கத்தரிக்கா வாங்கிக்கினு வாங்க."

"கொழம்புக்கா?"

"இல்ல."