குமுஷ்சாயில் மழை பெய்யாது

நாரின்,
மே மாதக் கடைசி

அன்புள்ள மருமகன் திலெக்குக்கு, மாமா சாதிர்பெக் எழுதிக்கொள்வது. நீ நலமா, உன் அறை நண்பர்கள் நலமா? அடுத்தபடியாக ஆடு, குதிரைகளின் நலம் விசாரிப்பது நம் முறை. உனக்கு அவை இல்லாததால் உன் கணினி நலமா, நோய்நொடி இல்லாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அத்தை புருல்சாவும் நலம். இரண்டு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை, மற்றபடி நலம்.

உன் கணினி விளையாட்டுக்காக நீ படைத்திருக்கும் உலகத்தின் வரைபடம் மினிபஸ் ஓட்டுநர் கையால் கசங்காமல் வந்து சேர்ந்தது. கடலில் எங்கே வெதுவெதுப்பு, எங்கே குளிர்ச்சி, எந்தக் கரையில் என்ன பருவநிலை என்று குறித்துத் தரச் சொல்லியிருக்கிறாய். போன முறை விளையாட்டை வாங்குகிற அல்மாத்தி கம்பெனிக்காரர்கள் 'பாலைவனத்தில் பனிக்கரடி எப்படி வந்தது?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இந்த முறையும் திரும்பினால் அப்பாவின் சிமென்ட் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் பென்சில் சீவ உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கடைசியில், 'மாமா, குமுஷ்சாய் ஊரில் மட்டும் ஆப்பிள் தோட்டம் இருந்தே ஆகணும், கதாநாயகி அங்கேதான் பிறக்கிறாள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாயே, எல்லா வினையும் அந்த ஒரு வரியால் வந்தது.

சாப்பாட்டு விரிப்பின் மேலேயே படத்தை விரித்து வேலையைத் தொடங்கினேன். வெப்ப நீரோட்டத்துக்குச் சிவப்புப் பென்சில். ஆயுள் முழுக்கப் புவியியல் பரீட்சைத் தாள் திருத்தியவன் வீட்டில் அதற்கா பஞ்சம்? குளிர் நீரோட்டத்துக்குத்தான் நீலம் இல்லை. கம்பளத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த உன் அத்தை, "இதுல கொஞ்சம் தொட்டுக்குங்களேன், என்ன குறைஞ்சிடப்போவுது" என்று கிண்ணத்தை நீட்டினாள். தொட்டேன். விரல் அகலத்துக்கு இழுத்த கோடு கண்ணெதிரிலேயே ஊறி உள்ளங்கை அகலமானது. நம் பெண்கள் காய்ச்சும் சாயம் மூன்று தலைமுறைக்குப் போகாது என்பது உனக்குத் தெரியும். கடல் அவ்வளவு குளிர்ந்துவிட்டால் அந்தக் கரையில் மேகம் எப்படி எழும்பும்? மூடுபனி வரும், மழை வராது. ஆகவே நீ மேற்குக் கரையில் வைத்திருந்த திராட்சைத் தோட்டங்களை அழித்துவிட்டு மீன் வரைந்திருக்கிறேன். உன் மன்னர்கள் இனி மதுவுக்குப் பதில் மீன் குழம்பு குடிக்கட்டும்.

பிறகு குமுஷ்சாய்க்கு வந்தேன். நீ அதைக் கண்டத்தின் நட்டநடுவில், மேற்கே பெரிய மலைத்தொடர் மறைக்கிற இடத்தில் வைத்திருக்கிறாய். காற்று மேற்கிலிருந்து வருகிறது. வழியெல்லாம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டும்போது வெறுங்கையோடு வரும். 'பாலைவனம்' என்று எழுதப் பென்சிலை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தேநீர் குடிக்க வந்த பக்கத்து வீட்டு மாம்பெத்குல், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, ஒரு ஊரையே வாட வைக்கிறீங்க?" என்றார். உதாரணம் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். "ஒரு விருந்துன்னு வெச்சுக்குங்க. கடல்தான் வாசல். கறித்தட்டு வாசல் வழியா வருது. வாசல்ல உக்காந்தவன் எடுப்பான், அடுத்தவன் எடுப்பான், உள்ளே கடைசியா இருக்கறவனுக்கு வெறும் தட்டு. அவ்வளவுதான்."

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"எந்த வீட்டுல அப்படிப் பரிமாறுறாங்க?" என்றாள் உன் அத்தை. "வாசல்லேருந்து தூரமா, உள்ளே உக்கார்றவங்கதானே பெரியவங்க? அவங்களுக்குத்தானே முதல் தட்டு?"

"அதானே!" என்றார் மாம்பெத்குல். "குமுஷ்சாய் நடுவுல இருக்குன்னா அதுதான் மரியாதை இடம். மழை நேரா அங்க போயி இறங்கிட்டு, மிச்சம் மீதிதான் கடற்கரைக்கு. வாசல்ல உக்காந்தவன் முதல்ல கை வெச்சா எந்திரிச்சு வெளிய போடான்னு சொல்லமாட்டோம்?"

"மழைக்கு மரியாதை தெரியாதுங்க!"

"அப்ப நீங்க சொல்லிக் குடுங்க. வாத்தியார்தானே?"

தம்பி, இத்தனை வருஷம் உதாரணம் சொல்லியே பிழைத்தவன் நான். ஓர் உதாரணம் இப்படித் திரும்பி நின்று உதைத்தது இதுவே முதல் தடவை. 'காற்று' என்கிறேன், 'பெரியவங்க' என்கிறார்கள். 'மலை' என்கிறேன், 'மரியாதை' என்கிறார்கள். பேச்சு முற்றிப்போய், நான் கோபத்தில் 'பாலைவனம்' என்று அழுத்தி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து உன் அத்தை எனக்குச் சாப்பிடக் கதவோரத்தில்தான் பாய் போடுகிறாள். முதல் வேளை மட்டும், "அங்கதானே எல்லாம் முதல்ல வருது" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. தேநீர் ஆறித்தான் வருகிறது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அல்மாத்திக்காரர்கள் குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் விதிப்படி குறித்திருக்கிறேன். குமுஷ்சாயில் மழை பெய்யாது, ஆப்பிள் காய்க்காது. உன் கதாநாயகி உலர்ந்த தயிர் உருண்டையைக் கடித்து வளரட்டும், பல் உறுதியாகும். யார் கண்ணைக் கசக்கினாலும் படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டேன். வேண்டியவர்களுக்காக மதிப்பெண் போட்டவன் இல்லை உன் மாமா.

உன் பாதை வெண்மையாக, தடையில்லாமல் இருக்கட்டும், உன் உலகத்துக்கு நல்ல விலை கிடைக்கட்டும், சிமென்ட் உன் கையில் ஒட்டாதிருக்கட்டும்.

உன் மாமா,
சாதிர்பெக்

பி.கு.: இத்துடன் குழாயில் சுருட்டி வைத்திருக்கும் படம் மேலே சொன்னபடி இல்லை. இன்று காலை மாம்பெத்குல் வீட்டார் கோடை மேய்ச்சலுக்குக் கிளம்பினார்கள். கூடாரம், அடுப்பு, பாட்டியம்மா, கோழி எல்லாம் லாரியில் ஏறின. கதவோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். புல் இல்லாத இடத்தில் நம் ஆட்கள் என்றைக்கு மழையோடு வாதம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? உள்ளே போய்க் குமுஷ்சாயை அழித்து, வடமேற்குக் கரையில், சாயம் எட்டாத இடத்தில், சிவப்பு நீரோட்டத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். விதி ஒன்றும் மீறப்படவில்லை, ஊர்தான் நகர்ந்திருக்கிறது. அங்கே ஆப்பிள் தாராளமாகக் காய்க்கும். உன் அத்தையும் பேசிவிட்டாள். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்" என்றாள். ஒரு சிரமம்தான்: இனி உன் கதாநாயகி கண் விழித்ததுமே கடலைப் பார்ப்பாள், அதை நீ வர்ணிக்க வேண்டியிருக்கும். என்னை மட்டும் கேட்காதே. இத்தனை வருஷம் பாடம் நடத்தினேனே தவிர, நான் பார்த்ததில்லை.