பல்லி சாரும் ஷகீலா பாபி வீட்டுக் கூரையும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் அவர் கன்னம் படாத அரசாங்கச் சுவர் ஒன்றுகூடக் கிடையாது. சுவரைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். இடது கன்னத்தைச் சுவரில் அப்பிக்கொண்டு கண்ணை மூடுவார். மூச்சு பேச்சு இருக்காது. பிறகு, "சூடு ஜாஸ்தி" என்பார். "கம்மி" என்று அவர் சொல்லி நான் கேட்டது அபூர்வம். நம்ம ஊர் வெயில் அப்படி.

பதவி, உதவிப் பொறியாளர். ஊழியர்கள் வைத்த பெயர், பல்லி சார். அரசு வாடகைக் குடியிருப்புகளில் கூரைச் சூட்டைக் குறைத்து, கரண்ட் செலவையும் குறைக்க ஒரு திட்டம் வந்தது. வேலைக்கு நல்ல ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருக்கு. டெண்டர் ஃபைலைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் போகும் பொறுப்பு எனக்கு. என் மானம் கப்பலேறத் தொடங்கியது அப்போதுதான்.

குடியாத்தத்தில் ஒரு வீட்டின் மேற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டார். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்ததும், உள்ளே ஒரு அம்மா குளித்துக்கொண்டிருந்ததும் எங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ற அங்க?"

பல்லி சார் கண்ணைத் திறக்கவில்லை. "கொஞ்சம் இருங்க, இன்னும் ஏறுது" என்றார்.

கூட்டம் கூடிவிட்டது. "யாருங்க இந்தாளு? உங்ககூட வந்தவரா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் மீட்டர் பாக்க வந்தவன்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து பல்லி சார் என் பக்கம் திரும்பி, "தம்பி, எழுதிக்கோ. மேக்கு சுவர் ரொம்ப ஜாஸ்தி" என்றார். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் பிரியாணி வெந்துகொண்டிருந்த தேக்சா அண்டாவின் பக்கத்தில்கூடக் கன்னத்தைக் கொண்டுபோனார். "இன்னும் தம் ஏறல" என்று அறிவித்துவிட்டுக் கொப்புளத்தோடு வீடு திரும்பினார். இத்தனைக்கும் சூடு அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை அலுவலகமே கொடுத்திருந்தது. அதன் கணக்கைத்தான் ஃபைலில் எழுதுவார், ஆனால் நம்பமாட்டார். "அது இன்னா, இந்த வீட்லயா தூங்கப்போவுது?" என்பார்.

ஆம்பூர்க் குடியிருப்பில் மேல்மாடியில் ஷகீலா பாபி வீடு; அக்கம்பக்கம் எல்லாருக்கும் அவர் பாபி, அதாவது அண்ணி. ஷூ கம்பெனியில் தைக்கிறவர், பிரசவ விடுப்பில் இருந்தார். மடியில் இருந்த குழந்தைக்கு உச்சி முதல் பாதம் வரை வேர்க்குரு.

"இவன் வயித்துல இருக்கசொல்லவே வந்து வெள்ளை அடிச்சிட்டுப் போனாங்க சார். ஒண்ணும் கொறையல. மாடிப்படியில போட்டுத் தூங்க வெக்கிறேன் கொழந்தய. கத்திரி வெயில் வருது. இந்த வாட்டியாவது நல்ல ஆளா புடிச்சிக் குடுங்க."

போட்டிக்கு மூன்று பேர். விலை உறையைப் பிரிக்கும் முன்னால் ஆளுக்கொரு துண்டு கூரையில் மாதிரி வேலை செய்து காட்டவேண்டும். தேறியவர் உறைதான் பிரியும். பாபி வீட்டுக் கூடம், படுக்கையறை, சமையலறை மூன்றுக்கும் மேலே ஆளுக்கொன்றாகச் செய்து முடித்திருந்தார்கள்.

உச்சி வெயிலில் தேர்வுக் குழு மாடி ஏறியது. ஆம்பூராச்சே, எல்லார் காலிலும் ஏற்றுமதியில் கழித்த தடிமனான ஷூ. தரை கொதித்தாலும் யாருக்கும் உறைக்காது. போன தடவையும் இப்படித்தான் ஷூவோடு நின்று, பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கூலிங்கிளாஸ் மாட்டிய ஒப்பந்தக்காரர் ஒருவரின் துண்டு வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது.

"பிரமாதம்!" என்றார் குழுத் தலைவரான பெரிய பொறியாளர்.

"மேல யாரு சார் குடியிருக்கா?" என்றார் பல்லி சார். "கீழ வாங்க."

கீழே பாபியின் கட்டிலை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஸ்டூலை வைத்து ஏறி, கழுத்தை ஒடித்துக் கூரையில் கன்னத்தை ஒட்டினார். கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அண்ணாந்து பார்த்த குழு முழுவதற்கும் அவருடைய பேண்ட் பின்னால் தையல் விட்டிருந்தது தெரிந்தது. எனக்கு உடம்பே கூசியது. குழந்தை மட்டும் கெக்கெக்கென்று சிரித்தது.

கூடத்தில், "கம்மி." படுக்கையறையில், "கம்மி." கூலிங்கிளாஸ்காரரின் சமையலறையில், "அய்யோ!"

"அது அடுப்புச் சூடு சார்!" என்று பாய்ந்தார் கூலிங்கிளாஸ்.

"அடுப்பே பத்த வெக்கல சார். நீங்கல்லாம் வர்றீங்கன்னு ஓட்டல்ல பிரியாணி சொல்லிட்டேன்" என்றார் பாபி.

பல்லி சார் பெரிய பொறியாளரிடம் பணிவாக, "நீங்களும் ஒரு வாட்டி வெச்சிப் பாருங்க சார்" என்றார்.

"யோவ், என்னையும் பல்லின்னு நெனச்சியா?"

பல்லி சார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாபி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "கொழந்தைக்காக சார்."

பெரியவர் ஷூவைக் கழற்றினார். ஏறினார். வைத்த வேகத்தில் கன்னத்தை எடுத்தார். முகத்தில் சுண்ணாம்போடு இறங்கி, "எழுதுங்க" என்றார்.

"டெண்டர்ல கன்னம்னு எங்க சார் போட்டிருக்கு?" என்றார் கூலிங்கிளாஸ்.

பல்லி சார் பையிலிருந்து சூடு அளக்கும் துப்பாக்கியை எடுத்துக் கூரையைப் பார்த்துப் பிடித்தார். "இத போட்டிருக்குல்ல? நீங்களே படிங்க."

அந்த ஆளின் விலை உறை பிரிக்காமலே திரும்பிப் போயிற்று. மற்ற இருவரில் ஒருவர், கத்திரிக்கு முன்னால் வேலையை முடித்துக் கொடுத்தார்.

பல்லி சாரைச் சோளிங்கர் பக்கம் மாற்றிவிட்டார்கள். வழியனுப்பு விழாவில் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கக்கூட எனக்குக் கூச்சம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன மே மாதம், பராமரிப்பு பார்க்கத் தனியாக ஆம்பூர் போனேன். மேல்மாடிச் சுவர். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஹலோ, இன்னா சார் பண்றீங்க? யாரு நீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கன்னத்தை எடுக்கவில்லை. "பல்லி சார்கூட வந்தவன்" என்றேன்.