ஜீவனஹள்ளியில் ஒரு கல்யாணம், சிவாஜிநகரில் இன்னொன்று

நான் இரண்டு தடவை கல்யாணம் செய்துகொண்டவள். இரண்டு தடவையும் ஒரே ஆளைத்தான். முதல் கல்யாணம் ஜீவனஹள்ளியில், தெருவே கூடி நிற்க நடந்தது. இரண்டாவது சிவாஜிநகரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நடந்தது. இரண்டாவதைச் சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். முதலாவதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களையெல்லாம் அமெரிக்கா கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவிலிருந்து அந்தக் கூடையில் விழுந்த முதல் ஆள் நான். என்னுடைய வேலை விசாவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், கணவருடைய விசாவை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். கணவர் ஆனந்தன் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அவர் இல்லாமல் விமானம் ஏறுவதில்லை என்று நான் சபதமே போட்டிருந்தேன். (“புதுசுல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க, போகப்போகச் சரியாயிடும்” என்றாள் என் தோழி. இன்னும் சரியாகவில்லை.)

விசா விஷயத்துக்கு மல்லேஸ்வரத்தில் சேஷாத்ரி என்று ஒரு வக்கீல் இருக்கிறார் என்று ஆபீசில் சொன்னார்கள். போனோம். பெயர்ப்பலகையில் ‘சொத்து, பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு’ என்று பழைய பெயின்ட்டில் இருந்தது. அதற்குக் கீழே ‘இமிக்ரேஷன்’ என்று புதுப் பெயின்ட். கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது.

“வேலைக்குப் போறது யாரு, கூடப் போறது யாரு?” என்று ஆரம்பித்தார்.

“வேலை எனக்கு சார். கூட வர்றது இவரு.”

“நோடிம்மா, இங்க பாரும்மா, நீ பதட்டத்துல மாத்திச் சொல்ற. வேலைக்குப் போறது இவரு. இவரச் சார்ந்து போறது நீ.”

“இல்ல சார். என்னச் சார்ந்துதான் இவரு வர்றாரு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அப்போதும் நாங்கள் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கல்யாணப் படம் கேட்டார். எங்களிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. நாங்கள் பௌத்தர்கள். கோலார் தங்கவயலில் இருந்த காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்துக்கு அதுதான் வழி. மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலை, மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி, புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவர்த்தி, பஞ்சசீலம், மாலை மாற்றல், அவ்வளவுதான். ஐயர் இல்லை, அக்னி இல்லை, தாலி இல்லை. அதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. படம் எடுத்தவர் அப்பாவோடு வெல்டிங் பட்டறையில் வேலை செய்த நண்பர். படமெல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கேமராவின் முதுகை வெயிலில் திறந்துவிட்டார். தப்பிப் பிழைத்த ஒரே படத்தில் நான், ஆனந்தன், நடுவில் அப்பா. மூன்று பேரும் வெள்ளை. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பின்னால் மெழுகுவர்த்தி எரிகிறது.

சேஷாத்ரி சார் படத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அடடா. யாரும்மா தவறிட்டாங்க?”

“சார், இது எங்க கல்யாணம்.”

“கல்யாணமா? எல்லாரும் வெள்ளையில...”

“வெள்ளை கட்டினா சாவு வீடா சார்? நீங்க கறுப்பு கோட்டு மாட்டிட்டுக் கோர்ட்டுக்குப் போறீங்களே, நான் ஏதாவது கேட்டனா?”

மேஜைக்கு அடியில் ஆனந்தன் என் காலை மிதித்தார். வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. “நோடிம்மா, பதிவுச் சான்றிதழ் இருக்கு. சட்டப்படி அது போதும். ஆனா கல்யாணம்கிறது வீட்டுமனை சைட் மாதிரி. பத்திரம் மட்டும் இருந்தாப் போதாது. வேலி போட்டு, போர்டு வெச்சு, அனுபவத்துல இருக்குன்னு காட்டணும். ஆபீசர் தாலியத் தேடுவான், நெருப்பத் தேடுவான், கூட்டத்தத் தேடுவான். இல்லேன்னா ரிஜெக்ட். நல்ல ஆல்பமா ஒண்ணு கொண்டு வாங்க.”

“எங்ககிட்ட ஆல்பமே இல்லியே சார்.”

“கொண்டு வாங்கன்னுதான் சொன்னேன்” என்று மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளே அவ்வளவு உதார் விட்ட நான், மாடிப்படி இறங்குவதற்குள் நமத்துப்போன அப்பளமாகிவிட்டேன். ‘ரிஜெக்ட்’ என்ற சொல் காதிலேயே நின்றது. ஆனந்தனை விட்டுவிட்டு நான் மட்டும் போவதாகக் கற்பனை செய்தேன். கடைசிப்படி வந்ததும் அழுகை வந்துவிட்டது. சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோ ஒன்று இருந்தது. அங்கே போகலாம் என்று சொன்னது நான்தான். வேண்டாம் என்றார் ஆனந்தன். பி.டி. மாஸ்டரையே நான் விசில் ஊதி நடத்திக்கொண்டு போனேன்.

“டென்ஷன் நக்கோம்மா, வேணாம்” என்றார் ஸ்டூடியோ ரஃபீக் பாய். “இங்க எல்லாம் இருக்கு.” நிஜமாகவே எல்லாம் இருந்தது. வாடகைப் பட்டுச்சேலை, கில்ட் தாலி, ஆனந்தன் தலைக்கு ஜரிகை வைத்த மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை. மாப்பிள்ளைக்குக் களை பத்தவில்லை என்று ஒட்டுமீசை வேறு வைத்தார். நெருப்பு மட்டும் வைக்கக் கூடாதாம், திரைச்சீலை பற்றிக்கொள்ளும். அதனால் ஹோமகுண்டத்துக்குள் ஒரு சிவப்பு பல்பு, மேலே கிழித்து ஒட்டிய காகிதம், பக்கத்தில் ஒரு மேஜை விசிறி. விசிறியைப் போட்டதும் அக்னி பகவான் ஜோராகப் படபடத்தார்.

புரோகிதராக வந்தவர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் அந்தோணி அண்ணன். கழுத்துச் சிலுவையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பூணூல் மாட்டிக்கொண்டார். “மந்திரம் சொல்லணுமா?” என்று கேட்டார். “போட்டோல சத்தம் வராது, வாய மட்டும் அசைங்க” என்றார் ரஃபீக் பாய். அந்தோணி அண்ணன் ஏதோ பேண்டுப் பாட்டுக்கு வாயசைத்தார். உறவினர் கூட்டத்துக்குப் பக்கத்துக் கறிக்கடை ஆட்களும், ஜவுளி வாங்க வந்த சில பெண்களும் வந்து நின்றார்கள். அட்சதையை நன்றாகவே வீசினார்கள். ஒரு அம்மா நிஜமாகவே அழுதார். (“எம் பொண்ணு ஞாபகம் வந்துருச்சும்மா.”) முஸ்லிம் போட்டோகிராபர், கிறிஸ்தவப் புரோகிதர், பௌத்த மணமக்கள், அமெரிக்க ஆபீசருக்காக ஒரு இந்துக் கல்யாணம். தேச ஒருமைப்பாட்டுக்கு இதைவிட யாரும் உழைத்திருக்க முடியாது.

ஆல்பம் பிரமாதமாக வந்தது. அதுதான் வினை. தன் கைவண்ணத்தில் மயங்கிப்போன ரஃபீக் பாய், ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்புக் கண்ணாடியில் மாட்டிவிட்டார். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி அது. எங்கள் தெரு ஆட்டோக்காரர் முனுசாமி பார்த்துவிட்டார். பேட்டாவும் மீசையுமாக இருந்ததால் ஆனந்தனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைத் தெரிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் நான் ஒரு பணக்காரனை இரண்டாங்கல்யாணம் செய்துகொண்டேன் என்று ஜீவனஹள்ளி முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக் கிளியம்மா அக்கா கிண்ணத்தில் மீன்குழம்போடு வந்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆனந்தனிடம் கொடுத்தார். “சாப்புடு தம்பி. போறவ போறா. ஒடம்ப இன்னாத்துக்குக் கெடுத்துக்கற?” ஆனந்தன் ஆறுதலை ஏற்றுக்கொண்டு மீன்குழம்பைச் சாப்பிட்டார். (துரோகி.)

அப்பா எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நேராகச் சிவாஜிநகர் போனார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம். கண்ணாடிக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளை யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். விசா, வக்கீல், ரிஜெக்ட், எல்லாம்.

“நெருப்பு வேணும்னா என்னக் கேட்டிருக்கலாமே” என்றார். “தெனம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதத்தானே பட்டறையில பாத்துகினு கீறேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவர் பேசாமலிருந்தது தாங்கவில்லை. அவர் நடத்திவைத்த கல்யாணத்தை நானே ஒளித்து வைத்துவிட்டேன். அதை நினைக்க நினைக்க எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. ரஃபீக் பாயிடம் போய்க் கண்ணாடிப் படத்தை இறக்கச் சொல்லி அங்கேயே கிழித்தேன். ஆல்பத்தையும் கிழித்தேன். அந்தோணி அண்ணன் மட்டும், தன் முகம் நன்றாக விழுந்திருக்கிற படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்து மல்லேஸ்வரம். “சார், அந்த வெள்ளைப் படத்தத்தான் வைப்பேன். வேற படம் கெடையாது. குடுத்தா ரெண்டு பேருக்கும் விசா குடுக்கட்டும், இல்லேன்னா எனக்கும் வேணாம். நான் இங்கயே இருந்துக்கறேன்.”

கத்துவார் என்று நினைத்தேன். சேஷாத்ரி சார் சாய்ந்து உட்கார்ந்தார். “பத்திரம் வீக்கா இருந்தா சைட் கேஸ்ல என்ன பண்ணுவோம் தெரியுமா? பக்கத்து எல்லைக்காரனச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். உங்க கல்யாணத்துக்கு யாரும்மா வந்தாங்க?”

“தெருவே வந்துச்சு சார்.”

“அப்ப நான் தெருவுக்கு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளிக்கு வந்தார். அந்தப் பணக்கார மாப்பிள்ளையும் ஆனந்தன்தான் என்பது அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வாசலில் நாற்காலி போட்டு, முத்திரைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அஃபிடவிட் எழுத ஆரம்பித்தார். அப்பா உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதல் சாட்சி கிளியம்மா அக்கா.

“கல்யாணத்த நேர்ல பாத்தீங்களா?”

“பாக்காம? வெள்ளச் சேல கட்டிகினு பொண்ணு குந்தியிருந்துச்சு. மால மாத்துனாங்க. அப்பறம் பந்தி. நா நாலாவது பந்தி சார். பிரியாணி பத்தல. அண்டாவுல வெறும் பட்டையும் லவங்கமும்தான் கெடந்துச்சு. தயிர்சோறு போட்டு அனுப்பிட்டாங்க.”

(உயிரைக் கொல்லாதே என்கிற பஞ்சசீலத்தின் முதல் சீலம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அதை ஓதியவர்கள் எல்லோரும் பந்தியில் முன்வரிசையில் இருந்தார்கள்.)

உள்ளேயிருந்து கட்டில் சத்தம் கேட்டது. அப்பா வெளியே வந்தார்.

“யாருக்குப் பத்தல? மூணு அண்டா ஆக்குனேன்!”

“அண்டா மூணுதாண்ணே” என்றார் முனுசாமி. “கூட்டம் ஆறு அண்டாவுக்கு வந்துச்சே. எனக்கும் தயிர்சோறுதான்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று ஞாபகசக்தி வந்துவிட்டது. ஒருவருக்கு எலும்பு, ஒருவருக்கு வெறும் குழம்பு. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இத அடிச்சிருங்க சார்” என்றேன் வக்கீலிடம்.

“அடிக்கவே மாட்டேன். நோடிம்மா, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த சாட்சி கல்யாணம் பிரமாதம்னு சொல்லுவான். சோறு பத்தலன்னு நிஜமா வந்தவன்தான் சொல்லுவான். இந்த வரி போனா கேஸ் போச்சு.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஆனந்தனைப் பார்த்தார்.

“எழுதிக்குங்க” என்றார். “ஆனா மொத மூணு பந்திக்குப் பத்துச்சுன்னும் எழுதுங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “நிக்கிறியே, சாருக்கு டீ போட்டுக் குடு” என்றார். அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

சென்னையில் தூதரகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. இறுகின முகம். சான்றிதழைப் பார்த்தார். எங்கள் ஒற்றைப் படத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்தேன். “மேடம், எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு வெள்ளைதான். இது துக்க வீடு இல்லை.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “தெரியாமல் என்ன? என் கல்யாணத்திலும் நான் வெள்ளை கவுன்தான்.”

இது எனக்கும் தோன்றவில்லை, சேஷாத்ரி சாருக்கும் தோன்றவில்லை, இங்கிலீஷ் படமாகப் பார்க்கும் ஆனந்தனுக்கும் தோன்றவில்லை. பட்டுக்கும் பல்புக்கும் கொடுத்த வாடகை ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. அதிகாரி அஃபிடவிட்டுகளைப் புரட்டினார். ஒரு இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு ஆனந்தனைக் கேட்டார், “உங்களுக்காவது பிரியாணி கிடைத்ததா?”

“இல்லை மேடம்” என்றார் ஆனந்தன் சோகமாக. “மாப்பிள்ளை கடைசிப் பந்தி.”

விசா கிடைத்தது.

சில வருஷம் கழித்து, பேரனைப் பார்க்க அப்பா வருவதற்கு விசா எடுத்தோம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொடுத்திருந்தேன். சென்னையில் அதே கண்ணாடி, வேறு அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒருவர். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். அப்பா நிமிர்ந்து நின்று, “பேரனப் பாக்க. அதுக்கு முன்னாடி, எம் பொண்ணு ஃபைல்ல ஒரு தப்பு கீது, அதத் திருத்தணும். பிரியாணி மூணு அண்டா” என்று ஆரம்பித்து, சாட்சி சொன்னவர்களுக்கும் தனக்கும் இருந்த குழாயடிச் சண்டை வரைக்கும் விளக்கியிருக்கிறார்.

அமெரிக்காவில் விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

“மொத்தத்தயும் சொல்லிட்டேன். அந்தாளு மறுத்து ஒரு வார்த்த பேசல, முத்திரய குத்திக் குடுத்துட்டான். பத்துச்சுன்னு அமெரிக்காவே ஒத்துகினு கீது. அந்தக் கிளியம்மாவுக்குப் போனப் போடு.”